மாத்திரை வரிசையில் நிற்காது

எங்கள் ஸ்கேன் சென்டரில் ஒரு மஞ்சள் தாள் உண்டு. சி.டி. ஸ்கேனுக்கு வருகிற யாராக இருந்தாலும் அதை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடியும். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேள்விகள். அந்தத் தாளைக் கொண்டுவந்தவள் நான்தான். குமணன்சாவடி சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த சென்டரில் பதினெட்டு வருடமாகப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் நான். மெஷினை ஓட்டுவது டெக்னீஷியன் வேலை, மெஷின் காட்டுவதற்கு அர்த்தம் சொல்வது என் வேலை.

முதலில் அந்தத் தாளில் 'இதற்கு முன் அறுவை சிகிச்சை ஏதேனும் நடந்துள்ளதா?' என்றுதான் அச்சடித்திருந்தோம். பூந்தமல்லியிலிருந்து வந்த ஓர் அம்மாள் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். வயிற்றைப் பார்த்தால் மூன்று பிள்ளைகளுக்கும் கிழித்த தழும்பு. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது ஆபரேசன் இல்லம்மா, கொழந்த பொறந்தது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வாரமே கேள்வியை மாற்றினேன்: 'வயிற்றில் எப்போதாவது கத்தி பட்டிருக்கிறதா?' இதற்குப் பதில் எழுதாமல் வருகிற தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ரிசப்ஷன் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

இத்தனை கறாரான நான் ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்தத் தாள் வேண்டாம் என்றேன். அது என் தங்கை.

அவள் என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளானூரில் புதிதாக முளைத்த அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருந்தாள். நான் அம்பத்தூரில், நாங்கள் பிறந்த வீட்டிலேயே, கணவர் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மதியச் சாப்பாடு எங்களோடுதான்.

சின்ன வயதிலிருந்தே அவள் பருமன். நானோ வாய்த்துடுக்கு. "இவளுக்குத் தட்டு எதுக்கு, குண்டானையே முன்னாடி வெச்சிடுங்க" என்று நான் சொன்னால் மேஜையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சித்தப்பா மகன் கல்யாணத்தில் கோயில் படியில் குடும்பப் போட்டோவுக்கு நின்றபோது, "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என் தங்கச்சிக்கு ரெண்டு ஆள் எடம் வேணும்" என்றேன். போட்டோ எடுக்க வந்தவர்கூடச் சிரித்தார். அவள் பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். அந்தப் படத்தில் அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட யாரோ ஒருவருடைய ஸ்கேனை அந்த வாரம் பார்த்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "வாயைக் கட்ட முடியாதவங்கல்லாம் வயித்தை வெட்டிக்கறாங்க" என்று முடித்தேன். நல்ல சிரிப்பு கிடைத்தது. அன்றைக்கு என் தங்கை சிரித்தாளா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

அடுத்து வந்தது தவக்காலம். எங்கள் வீடுகளில் அந்த நாற்பது நாளும் கறி மீன் கிடையாது. அது தொடங்குகிற விபூதிப் புதனும் கடைசியில் வருகிற பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. இந்த வருடம் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப்போகிறேன் என்று என் தங்கை சொன்னாள். விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு, சர்ச் நடத்துகிற தியானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். தியானம் என்றால் போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டர் அன்று, வந்தபோது முகம் வற்றியிருந்தது. பிரியாணியில் நாலு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "வயிறு சுருங்கிப்போச்சுக்கா, அப்படியே பழகிடுச்சு" என்றாள். நம்பினேன். நம்பினதோடு விட்டேனா, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் அவளை உதாரணம் காட்டிப் பேசினேன். ஸ்கேனுக்கு வந்த சர்க்கரைக்காரர்களிடம், "என் தங்கச்சியப் பாருங்க, மனசுல உறுதி இருந்தா போதும்" என்று உபதேசம் செய்தேன். ஒன்றரை வருடத்தில் அவள் பாதி ஆளாகிவிட்டாள். பழைய சுடிதார்களையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டாள். கைப்பையில் எப்போதும் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இருக்கும். கேட்டால் ரத்தசோகை என்பாள்.

பிறகு வலி வந்தது. சாப்பிட்டு அரைமணி நேரத்தில் இடது பக்கம் பிடித்துக்கொள்ளும், முதுகு வரை போகும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். இரண்டு மாதமாக இப்படி. "நேரத்துக்குச் சாப்பிட மாட்டே, அப்புறம் கேஸ் வராம என்ன வரும்" என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவளே போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊசி என்றாலே ஓடுகிறவள். சரி, நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வா என்றேன்.

எங்கள் டெக்னீஷியன் பூந்தமல்லிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வழக்கம்போல மஞ்சள் தாளை எடுத்து என் தங்கையிடம் நீட்டினார்.

"இவளுக்கு எதுக்கு பாய் அதெல்லாம்? இவ ஜாதகமே என் கையில இருக்கு" என்றேன்.

"அதுவும் கரெக்டுதான் மேடம், உங்களுக்குத் தெரியாததா" என்று தாளை மேஜைக்குள் திரும்ப வைத்துவிட்டார். அதை வாங்க என் தங்கை கையை நீட்டியிருந்தாள். நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

வயிற்று ஸ்கேனுக்கு முன்னால் மருந்து கலந்த தண்ணீர் ஒரு லிட்டர் குடிக்கவேண்டும். அந்த மருந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும், வயிறும் குடலும் எப்படி ஓடுகின்றன என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். என் தங்கை மடக்கு மடக்காகக் குடித்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு டம்ளர்கூட முடியவில்லை. "பச்சைக் குழந்தைகூட இதைவிட அதிகமாக் குடிக்கும்" என்று திட்டினேன். அவள் டம்ளரை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

படம் வந்தது. நான் பார்த்தேன். இந்த இடத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீர் இல்லை, இரைப்பை சுருங்கிக் கிடந்தது. கொஞ்சமாகக் குடித்தாள், அதனால்தான் என்று நினைத்தேன். தண்ணீர் குடலுக்குள் நேராகப் போயிருந்தது. வெறும் வயிறு, சீக்கிரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இரைப்பையின் மேல்பக்கம் சின்னச் சின்னதாகப் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இரும்பு மாத்திரை கரையாமல் கிடக்கிறது என்று நினைத்தேன், ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன். குடல் சுருள்கள் இடது மேல்பக்கம் கொஞ்சம் கூட்டமாக இருந்தன. கேஸ். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் அவளுடைய ஜாதகம் என் கையில் இருந்தது. வேறு யாருடைய படமாக இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பேன்.

வெளியே வந்து அவளிடம், "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியாக்கா?"

"பதினெட்டு வருஷமா இதைத்தான் பாக்கறேன், வேற வேலையா பாத்தேன்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆவடி பஸ் பிடிக்கப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் வரவில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தாள். நன்றாகத் தூங்கு என்று பதில் அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மெஷினை ஓட்டுகிற கன்சோல் அறையிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஒரு நிமிசம் வர்றீங்களா?"

சென்டர் ஆட்களின் சொந்தக்காரர்களுடைய பிலிமை அவர் எப்போதும் கடைசியில்தான் அச்செடுப்பார். சனிக்கிழமை மிச்சமிருந்த என் தங்கையின் படத்தைத் திரையில் வைத்திருந்தார். முதுகுவலி வேறு சொன்னாள் என்பதற்காக எலும்பு தெரிகிற அமைப்புக்கு மாற்றியிருந்தார். அந்த அமைப்பில் மற்றதெல்லாம் மங்கிவிடும். எலும்பும் உலோகமும் மட்டும்தான் கூர்மையாகத் தெரியும்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். ரிப்போட்ல மாத்திரைனு எழுதிகீறீங்க." பென்சிலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு வரிசை கீது. கீழ குடலாண்ட இன்னொரு வரிசை கீது. மாத்திரை வரிசையா நிக்குமா மேடம்?"

நிற்காது.

தையல் மெஷினில் போட்ட தையல் மாதிரி, ஒரே இடைவெளியில், ஒரே அளவில் அந்தப் புள்ளிகள் நின்றன. அது உலோகப் பின். இரைப்பையை வெட்டி மூடும்போது போடுகிற பின். எனக்குத் தெரியும். எத்தனையோ பேருடைய படத்தில் பார்த்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், மேஜையில் உட்கார்ந்து கிண்டலும் செய்திருக்கிறேன். என் தங்கையின் இரைப்பையை யாரோ வெட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு முட்டை அளவுக்கு மட்டும் பை விட்டு, மீதியை மூடி ஒதுக்கி, கீழேயிருந்து குடலைத் தூக்கி அந்தப் பையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஒதுக்கி வைத்த இரைப்பையைத்தான் நான் காலி வயிறு என்று எழுதியிருந்தேன்.

பாய் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அவள் உடம்புக்குள் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது என்பதே முதலில் மண்டையில் ஏறவில்லை. வேறு யாருடைய படமோ மாறிப்போயிருக்கும் என்று பெயரைப் பார்த்தேன். அவள் பெயர்தான், அவள் வயதுதான்.

பிறகுதான் டாக்டர் புத்தி வேலை செய்தது. இந்த ஆபரேஷனில் குடலை இடம் மாற்றித் தைக்கும்போது உள்ளே சந்துகள் உண்டாகும். ஆள் மெலிய மெலிய உள்ளே இருக்கிற கொழுப்பும் கரைந்து, அந்தச் சந்து பெரிதாகும். குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொண்டால் ரத்தம் போகாது. சாப்பிட்டபின் வருகிற வலி, இடது பக்கம், வந்து வந்து போவது. மறுபடி படத்தை ஓட்டினேன். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் ஓரிடத்தில், பாத்ரூம் ஓட்டையில் தண்ணீர் இறங்கும்போது சுழிக்கிறதே, அதுபோலச் சுழித்திருந்தன. சனிக்கிழமை காலையிலேயே சுழித்திருந்தன. அதன்மேல்தான் நான் 'கேஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

போன் செய்தேன். நாலாவது ரிங்கில் எடுத்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

"நேத்துலேருந்து விடவே இல்ல. வாந்தி நிக்கல."

"நீ வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டியா?"



"இப்பதான் பாத்தியாக்கா?" என்றாள்.

கார்ச் சாவியை எடுத்தேன். பாய் என் கையைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். "நீங்க ஓட்ட வேணாம் மேடம், நான் வரேன்." குமணன்சாவடியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டிகள் ஊர்ந்தன. பருத்திப்பட்டு தாண்டும்வரை அப்படித்தான். ஆவடியில் ரயில்வே கேட் போட்டதுபோல நெரிசல். அவளுக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி எது என்று செய்தியில் கேட்டேன், நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயரை அனுப்பினாள். எங்கள் சென்டரிலிருந்து பத்து நிமிடம். அதன் வாசலைத் தாண்டித்தான் நான் வாரத்தில் இரண்டு நாள் காய்கறி வாங்கப் போவேன்.

வெள்ளானூரில் அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பாயும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வண்டியில் ஏற்றினோம். பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். எத்தனை லேசாக இருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ரெண்டு ஆள் இடம் என்று சொன்னவள் நான்.

"தியானம்னு போனியே, அப்பவா?"

"ம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சிரிப்பே."

அப்போதும் என் குணம் போகவில்லை. "சரி, அப்ப சிரிச்சிருப்பேன். ரெண்டு மாசமா வலிக்குதே, சனிக்கிழமை ஸ்கேனுக்கு வந்தப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "சொல்லத்தான்க்கா வந்தேன். அந்தத் தாள்ல எழுதிடலாம்னு வந்தேன். நீ வேணாம்னுட்டே. சரி, படத்துல எப்படியும் நீயே பாத்துப்பே, நான் வாயால சொல்ல வேணாம்னு நெனச்சேன்." மடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ வெளிய வந்து ஒண்ணுமில்லன்னதும், வேணும்னே அப்படிச் சொல்றியோன்னு நெனச்சேன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி. கோவத்துல" என்றாள்.

பாய் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே பஸ்ஸை முந்தினார். நான் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் என்று அவளைச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றரை வருடம் அந்தச் சோற்றை ஊருக்கெல்லாம் பரிமாறினவள் நான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. சர்ஜன் என்னைவிட இளையவர். நான் கொண்டுபோன படத்தைக் கணினியில் போட்டு ஓட்டினார். சுழி வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது இன்னிக்கு எடுத்ததா?"

"சனிக்கிழமை."

"யாரு ரிப்போர்ட் பண்ணது?"

"நான்தான்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தியேட்டருக்குச் சொல்லுங்க என்று நர்சிடம் சொன்னார். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நர்ஸ் சம்மதப் படிவத்தோடு வந்தார். நோயாளிக்கு நீங்க யாரு என்று கேட்டார். அக்கா என்றேன். அவர் கையில் இருந்த பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

"முதல் ஆபரேஷனுக்கு வேற ஒரு அக்கா கையெழுத்துப் போட்டிருக்காங்களே. நீங்க ரெண்டு பேரா?"

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். ஒருசந்தி என்று நான் பெருமையடித்த அந்த வருடத் தேதி. உடன் இருப்பவர் என்ற இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயர், எழுத்துக் கூட்டி எழுதினதுபோலப் பெரிய பெரிய தமிழ் எழுத்தில். உறவுமுறை என்ற இடத்தில் 'அக்கா'. கீழே ஒரு போன் நம்பர். மயக்க மருந்தின் ஆபத்து, உயிருக்கு ஆபத்து என்று அச்சடித்த ஒவ்வொரு பக்கத்திலும் அதே கையெழுத்து. நான் அதற்குக் கீழே, புதுப் படிவத்தில், என் கையெழுத்தைப் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வெளியே உட்கார்ந்திருக்க முடியாமல் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "தோ வர்றேம்மா" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

ஆபரேஷன் முடிய மதியமாகிவிட்டது. சர்ஜன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார்.

"முறுக்கை எடுத்து விட்டுட்டோம். பெரும்பாலான குடலுக்கு நிறம் திரும்பி வந்துடுச்சு. ஒரு முழம் அளவுக்கு மட்டும் கருத்துப்போய் இருந்தது, அதை எடுக்க வேண்டியதாப்போச்சு. இனிமே பயமில்ல." கொஞ்சம் தயங்கினார். "சனிக்கிழமையே வந்திருந்தா அதையும் எடுத்திருக்க வேண்டாம், டாக்டர்."

ஒரு முழம். பூக்காரி கையில் அளப்பாளே, அந்த முழம். நன்றி சொன்னேன். என் ரிப்போர்ட்டின் விலை அது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாய் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அல்லா காப்பாத்திட்டான் மேடம் என்று சொல்லிவிட்டு, சென்டரைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பினார். நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தார். ஆவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், மெலிந்த உடம்பு, நீலப் புடவை. பள்ளிக்கூடத்து ஆயாக்கள் கட்டுகிற புடவை அது. கையில் ஒரு பிளாஸ்க்.

"நீங்கதான் டாக்டரக்காவா? டீச்சரு உங்களப் பத்தி நெறயச் சொல்லிகீறாங்க."

என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அப்போ நாலு நாளு நாந்தாம்மா கூட இருந்தேன். கஞ்சி வடிச்சி எட்தாந்து ஸ்பூன் ஸ்பூனா குடுப்பேன். அன்னிக்கு நர்சம்மா கூடப் பொறந்தவங்க யாராச்சும் கீறாங்களானு கேட்டாங்க. டீச்சரு வாயே தொறக்கல, செவுத்தப் பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. நான் அக்கானு போட்டுட்டேன்." பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "தப்பாப் பூட்ச்சாம்மா?"

"இல்ல" என்றேன். பதினெட்டு வருடமாக, ஊரில் இருக்கிறவர்கள் மறைத்ததையெல்லாம் படத்தில் கண்டுபிடித்துப் பழகினவள் நான். ஒரு ஞாயிறு விடாமல் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளை நான் பார்க்கவில்லை. இந்த அம்மாள் ஒரே ஒரு தடவை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார், அது அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

மயக்கம் தெளிகிற அறைக்குள் எங்களை விட்டார்கள். ஒருவர்தான் கட்டில் பக்கத்தில் நிற்கலாம், இன்னொருவர் ஓரத்தில் உட்காருங்கள் என்றார் நர்ஸ். அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் ஓரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். மூக்கில் குழாயோடு, போர்வைக்கு அடியில், சின்னப் பிள்ளை மாதிரி கிடந்தாள். தலையைக் கொஞ்சம் அசைத்தாள். கண் திறக்கவில்லை. உதடு மட்டும் பிரிந்தது.

"அக்கா" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் அவர் கையில் இருந்த பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, அவரைக் கட்டில் பக்கம் போகச் சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.